உங்களுக்குத் தெரியுமா? முதலில் மெஷின், அப்புறம்தான் துப்பாக்கி

தொண்ணூறுகளில் டிவி கேம் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வரும். கேசட்டைச் செருகினால் வாத்து சுடலாம். அந்தத் துப்பாக்கியிலிருந்து டிவியை நோக்கி எதுவுமே போகவில்லை என்பது தெரியுமா? வேலை நடந்தது தலைகீழாக. அதன் வாயில் இருந்தது வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னக் கண். விசையை அழுத்தியதும் திரை முழுக்க ஒரு கணம் கறுக்கும். உடனே வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னி மறையும். அந்த வெள்ளை துப்பாக்கியின் கண்ணில் பட்டால் வாத்து விழும். நிண்டெண்டோவின் ‘டக் ஹண்ட்’ 1984-ல் இப்படித்தான் ஓடியது. பரணிலிருந்து அந்தத் துப்பாக்கியை எடுத்து இன்றைய எல்இடி டிவி முன் நீட்டிப் பாருங்கள், ஒரு வாத்தும் விழாது. படம் திரைக்கு வருவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும். குண்டான பழைய டிவிக்கென்றே செய்த சாமான் அது.

*

அதே காலத்து ‘கான்ட்ரா’ நினைவிருக்கிறதா? ஐரோப்பாவில் வீட்டு மெஷினுக்கு வந்தபோது அதன் பெயர் ‘புரோபோடெக்டர்’. சட்டையில்லாத அந்த இரண்டு வீரர்களுக்குப் பதில் இரண்டு ரோபோக்கள்! சூப்பர் நிண்டெண்டோவுக்குப் போன ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’க்கும் இதே கதிதான். கம்ப்யூட்டரில் பாய்ந்து வந்த காவல் நாய்கள் அங்கே பெருச்சாளிகளாக மாறிவிட்டன.

*

‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ (1978) ஆட்டத்தில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். யோசித்து வைத்த ஏற்பாடு அல்ல இது. இத்தனை பொம்மைகளை நகர்த்த அந்த மெஷின் திணறியது. சுடச்சுட அதன் சுமை குறைந்து வேகம் கூடியது. உருவாக்கிய தொமோஹிரோ நிஷிகாதோ அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். புத்திசாலி!

*

கம்ப்யூட்டரில் ஷூட்டிங் கேம் என்றால் இடது கை டபிள்யூ, ஏ, எஸ், டி எழுத்துகளில் தானாகப் போய் உட்காரும். ஆரம்பத்தில் அப்படி இல்லை, அம்புக்குறிகள்தான். இதைப் பரப்பிய பெருமை ‘திரெஷ்’ என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங் என்பவருக்குப் போகிறது. 1997-ல் ‘குவேக்’ போட்டியில் வென்ற அவருக்குக் கிடைத்த பரிசு, அந்த கேமை எழுதிய ஜான் கார்மாக்கின் சொந்த சிவப்பு ஃபெராரி கார். கார் வாங்கியவன் எந்த பட்டனில் விரல் வைக்கிறான் என்று ஊரே பார்க்காதா? 1998-ல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ அந்த நான்கு எழுத்துகளையே தொடக்க அமைப்பாக வைத்துக்கொண்டது.

*

கன்ட்ரோலரில் இடது குச்சியால் நடப்பது, வலது குச்சியால் பார்ப்பது என்பது இன்று குழந்தைக்கும் தெரியும். 2000-ல் பிளேஸ்டேஷனில் ‘ஏலியன் ரெசரக்‌ஷன்’ இந்த முறையோடு வந்தபோது, இதைப் பிடித்து ஆடவே முடியவில்லை என்று விமர்சனத்தில் திட்டினார்கள். சில வருடங்களிலேயே பெரும்பாலான ஷூட்டிங் கேம்கள் அதே முறைக்கு வந்து சேர்ந்தன.

*

எக்ஸ்பாக்ஸின் அடையாளமே ‘ஹேலோ’தான். ஆனால் 1999-ல் அதை மேடையேற்றி அறிமுகம் செய்தவர் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ். மறு வருடமே மைக்ரோசாஃப்ட் அந்த கேமை உருவாக்கிய கம்பெனியை வாங்கிவிட, 2001-ல் கேம் எக்ஸ்பாக்ஸோடு இறங்கியது. மேக் வைத்திருந்தவர்கள் 2003 வரை காத்திருந்தார்கள். பிடித்த கேமுக்காக மெஷின் வாங்க நினைப்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் மனதில் வைக்கலாம்.

*

இனி கடைக்குப் போகிறவர்களுக்கு.

மவுஸை ஒரு இழுப்பு இழுத்தால் குறி எதிரியின் தலையில் நிற்கும். கன்ட்ரோலர் குச்சியில் அது நடக்காது. கட்டைவிரல் எவ்வளவு தேர்ந்ததானாலும் குச்சி மெதுவாகத்தான் திரும்பும். அதனால் கன்ட்ரோலர் ஆட்டக்காரருக்குக் கேமே கொஞ்சம் கை கொடுக்கிறது. குறி எதிரியின் அருகே வந்ததும் அதன் வேகம் தானாகக் குறையும். சில கேம்களில் எதிரி நகர்ந்தால் கூடவே லேசாக நகரவும் செய்யும். எய்ம் அசிஸ்ட் என்பது இதுதான். ‘வார்சோன்’, ‘ஃபோர்ட்நைட்’ மாதிரி எல்லா மெஷின்காரர்களும் ஒரே களத்தில் ஆடும் கேம்களில் தினமும் நடக்கும் சண்டையும் இதுதான். கன்ட்ரோலர்காரனுக்கு கேமே சுட்டுக் கொடுக்கிறது என்று மவுஸ் கட்சி சொல்லும். உனக்கு மேஜை முழுக்கக் கை ஓடுகிறதே என்று கன்ட்ரோலர் கட்சி திருப்பிக் கேட்கும். என் கட்சி, இரண்டு பேரையும் தனித்தனிக் களத்தில் விடுவதுதான்.

‘வேலோரன்ட்’ அதைத்தான் செய்தது. 2020-ல் கம்ப்யூட்டருக்கு வந்த இந்த கேம், 2024-ல் பிளேஸ்டேஷன் 5-க்கும் புதிய எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. ஒரே கணக்கு, காசு கொடுத்து வாங்கிய ஸ்கின் (துப்பாக்கிக்கான அலங்காரத் தோற்றம்) இரண்டு இடத்திலும் இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர்காரரும் கன்சோல்காரரும் ஒரே மேட்சில் ஆட முடியாது. நண்பர்கள் எல்லோரும் எதில் ஆடுகிறார்கள் என்று கேட்காமல் மெஷின் வாங்கினால் தனியாகத்தான் ஆட வேண்டியிருக்கும். ‘கவுன்டர்-ஸ்டிரைக் 2’ல் அந்தக் குழப்பமே இல்லை, கன்சோலுக்கு அது வரவே இல்லை.

*

பழைய கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டி விண்டோஸ் 11 ஏற்றிவிட்டு ‘வேலோரன்ட்’ திறக்கவில்லையே என்று விழிப்பவர்கள் உண்டு. அதன் காவல் மென்பொருளான வேன்கார்டு, விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இல்லாமல் உள்ளே விடாது. லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக்கிலும் அது ஓடாது. தனியாக ஆடும் ‘டூம்’ வகையறாக்களுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது.

*

சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையில் ஆடுகிறவரின் சேதி மும்பை சர்வருக்குப் போய்த் திரும்பக் குறைந்தது 10 மில்லி விநாடி. இந்தப் போய்வரும் நேரம்தான் பிங். எந்த கம்பெனியின் இன்டர்நெட் பிளான் போட்டாலும் அதற்குக் கீழே பிங் இறங்காது. வால்வின் கவுன்டர்-ஸ்டிரைக் சர்வர்கள் மும்பையில் மட்டுமல்ல, சென்னையிலும் உண்டு என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சின்ன அதிர்ஷ்டம். வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போட்டால் பிங் குதிப்பதும் அடங்கும்.

டிவியில் ஆடுகிறவர்கள் செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ போட்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள். படத்தை மெருகேற்றும் வேலைகளை நிறுத்தி, பட்டன் அழுத்தியதற்கும் திரையில் சுடுவதற்கும் நடுவிலான தாமதத்தைக் குறைக்கும். காசில்லாத மருந்து. முக்கால்வாசி வீடுகளில் இது அணைந்தே கிடக்கும் என்பது என் சந்தேகம்.

*

போனில் சுடுகிறவர்களுக்குக் கைரோ ஒரு வரம். விரலால் குறியைத் தேய்க்காமல் போனையே லேசாகச் சாய்த்துத் துப்பாக்கியின் உதைப்பை அடக்குவார்கள். நாலு விரலை நகம்போல வளைத்துப் பிடிக்கும் ‘கிளா’ பிடியோடு கைரோவும் போட்டு ஆடும் பையனைப் பக்கத்திலிருந்து பார்த்தால், ஆடுவது அவனா போனா என்று சந்தேகம் வரும். சிக்கல் வேறு இடத்தில். ‘பப்ஜி மொபைல்’ இந்தியாவில் 2020 செப்டம்பரில் தடைபட்டது. அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2021-ல் வந்து, 2022 ஜூலையில் கடைகளிலிருந்து காணாமல் போய், 2023-ல் திரும்பியது. 18 வயதுக்குட்பட்டவருக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவருக்கு 6 மணி நேரம் என்ற கட்டோடு. ‘ஃப்ரீ ஃபயர்’ 2022 பிப்ரவரியில் தடைபட்டது. ஸ்கின்னுக்குக் கொட்டும் பணம், கேம் இருக்கும்வரைதான் நம்முடையது.

*

ஒரே டிவி முன் நாலு பேர் ஆட வேண்டுமா? 1997-ல் நிண்டெண்டோ 64-ல் வந்த ‘கோல்டன்ஐ 007’ அதற்குத்தான் பேர்போனது. அந்த நாலு பேர் ஆட்டமே கடைசி சில மாதங்களில் ஒட்டவைத்த சேர்க்கை. இப்போது திரையைப் பிரித்து ஆடும் வசதி அருகிவிட்டது. ‘ஹேலோ இன்ஃபினிட்’டின் கதைப் பகுதிக்கு அறிவித்திருந்ததையே 2022-ல் கைவிட்டார்கள். அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

*

பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட பெரும்பாலும் பிளஸ் சந்தா தனியாக வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ‘ஃபோர்ட்நைட்’டுக்கு வேண்டாம். எக்ஸ்பாக்ஸும் 2021 ஏப்ரலில் இலவச கேம்களுக்குச் சந்தாவை எடுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் இந்தப் பேச்சே இல்லை.

*

ஸ்டீமில் வாங்கிய கேமை, 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். செட்டிங்ஸ் மெனுவில் உட்கார்ந்திருக்கும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும். ஆகவே முதலில் ஒரு சண்டையில் இறங்கி, கம்ப்யூட்டர் திணறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே, கேமில் கோளாறு இருந்தாலொழிய, பணம் திரும்பாது.