தெரியுமா? ஈ.ஆர்.பி. எழுதுவோருக்குத் தென்காசி வைக்கும் ஐந்து சோதனைகள்!

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மத்தளம்பாறை கிராமத்திலிருந்து உலகத்துக்கே மென்பொருள் போகிறது, தெரியுமா? சோஹோவின் வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ‘டெஸ்க்’ உருவானது இங்கேதான்! கொள்முதல், கிடங்கு, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஆளும் ஈ.ஆர்.பி.யையும் அந்த நிறுவனம் 2025-இல் வெளியிட்டது. அப்படிப்பட்ட மென்பொருளை எழுதும் தம்பி தங்கைகளே, கடினமான சோதனைகள் இந்த மண்ணிலேயே கிடக்கின்றன!

நான்கு எழுத்து, 24 பைட்!
‘தென்காசி’ நமக்கு நான்கே எழுத்து. யூனிகோடில் அது எட்டுக் குறியீடுகள், யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட்! ஊர்ப் பெயருக்கு 20 பைட் மட்டும் ஒதுக்கிய டேட்டாபேஸில் நம் ஊரே அடங்காது. தாராளமாக இடம் விடுங்கள்.

ஏப்ரல் 1-க்குப் பதில் மார்ச் 31!
ஏப்ரல் 1 அதிகாலை 5 மணிக்குப் போட்ட பில், உலகப் பொது நேரத்தில் மார்ச் 31 இரவு 11.30! அந்தத் தேதியை அப்படியே எடுத்தால் பில் போன நிதியாண்டுக்குப் போய்விடும். பில் தேதியை நேரமுத்திரையிலிருந்து கணக்கிடாமல் தனியாகச் சேமியுங்கள்.

எல்லை தாண்டினால் வரி மாறும்!
ஜி.எஸ்.டி. பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்துடையது. தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. தென்காசி வியாபாரி திருநெல்வேலி வியாபாரிக்குச் சரக்கு விற்றால் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு வரிகள். எல்லையிலுள்ள புளியரை தாண்டிக் கேரளத்தின் கொல்லத்து வியாபாரிக்கு விற்றால் ஒருங்கிணைந்த வரியான ஐ.ஜி.எஸ்.டி. ஒன்றே! வரியைத் தீர்மானிக்கும் ‘வழங்கல் இடம்’ பில்லில் தனிப் புலமாக இருக்கட்டும்.

2019-இல் மாவட்டமே மாறியது!
நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. வாடிக்கையாளர் முகவரியைத் திருத்தும்போது பழைய பில்களும் சேர்ந்து மாறினால் கணக்கின் சாட்சியமே அழிந்துவிடும்! எந்தத் தேதியிலிருந்து எந்த முகவரி என்று குறித்து வையுங்கள். போட்ட பில்லில் அன்றைய முகவரியே நிற்க வேண்டும்.

ஒரே பில் இரண்டு தடவை!
சாரல் நேரத்தில் நெட் விட்டுவிட்டு வந்தால், பதில் வராத கோரிக்கை மறுபடியும் போகும். மின்னணு இன்வாய்ஸின் 64 எழுத்து அடையாள எண்ணைப் பாருங்கள்: விற்பவரின் பதிவெண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்தே அது பிறக்கிறது. அதே பில்லை மறுபடி அனுப்பினால் புதிய எண் பிறக்காது! உங்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அப்படி ஒரு மாறாத அடையாளம் கொடுங்கள்.

உங்கள் ஊர்ப் பெயரையும், எல்லையையும், நிதியாண்டின் முதல் விடியலையும் இன்றே சோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்காசிக் கடைக்காரரின் பில் தவறாமல் வந்தால்தான் அந்த மென்பொருளை மற்ற ஊர்களுக்கு நம்பிக் கொடுக்கலாம்!