வலிக்காத புண்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல், சாணைப் பணி செய்வோர் கண்ணில் இரும்புத்துகள் விழுந்தால் அன்றே எங்களிடம் ஓடி வருவர். நாள்பட்ட நீரிழிவுள்ள சிலரோ, கண் சிவந்து பார்வை மங்கிய பின்னரே வருகின்றனர்; வலியே இல்லை என்பர். எங்களை அஞ்சவைப்பது அந்த வலியின்மைதான்.

கருவிழியில் இரத்தக்குழாய்கள் இல்லை. நரம்புகளோ மிக நெருக்கமாகப் பின்னியுள்ளன. வலியை உணர்த்துவதோடு, மேற்படலத்தைப் புதுப்பிக்கும் பொருள்களைத் தருவனவும் அந்நரம்புகளே. நீடித்த உயர் சர்க்கரை அவற்றை நலிவிக்கிறது. சிறு கீறலும் எளிதில் ஆறுவதில்லை.

இக்குறையை ஈடுசெய்யவே பெப்டைடு, புரத மருந்துகள் ஆராயப்படுகின்றன. நரம்பு வளர்ச்சிப் புரதத்தைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்புரதத்தின் வழிவந்த செனெகெர்மின் சொட்டுமருந்துக்கு 2018-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. விலையோ நம்மவர் கைக்கு எட்டாதது. 51 அமினோ அமிலங்களாலான இன்சுலினை நீர்த்துச் சொட்டாக இடுவதும் ஆறாத புண்கள் பலவற்றில் பயனளித்துள்ளது. அதற்காக வீட்டிலுள்ள இன்சுலினைக் கண்ணில் விட்டுவிடாதீர்கள். செறிவும் தூய்மையும் வேறு.

பஞ்சிழை நுனியால் கருவிழியைத் தொட்டு உணர்வைச் சோதிப்பது ஒரு நொடிப் பணி. அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகையில், கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.