ஊசி குத்தும்போது உடலில் என்ன நடக்கிறது?

நாவுல பகுதியில் வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் செய்கிற குடும்பங்களில் இடுப்பு நோவோ முழங்கால் நோவோ இல்லாத பெரியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து தெளிக்கிறவர்களும், குனிந்த முதுகு நிமிராமல் களை பிடுங்குகிற பெண்களும் நோவு தாங்காதபோது கடையில் இரண்டு குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் தோட்டத்துக்கு இறங்குகிறார்கள். பனடோலை அளவோடு பாவித்தால் பெரிய பாதகமில்லை. டைக்குளோபெனாக், இபுப்புரோபன் போன்றவை அப்படியல்ல. சிறுநீரகத்துக்குள் இரத்தம் சீராக ஓட உதவும் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் உடலில் உண்டாவதை இவை தடுக்கின்றன. வெயிலில் வியர்த்து, குடிக்கத் தண்ணீர் போதாமல் வேலை செய்யும் உடலுக்கு இந்தத் தடை மேலும் ஆபத்தானது. வட மத்திய மாகாணத்தில் 1990களில் தெரியவந்த சிறுநீரக நோய் எமது மாத்தளை மாவட்டத்தில் வில்கமுவப் பக்கத்தையும் தொட்டிருக்கிறது. நோவுக்குக் குளிசையல்லாத வழி ஒன்று உண்டென்றால் எமது மக்கள் ஓடிப்போய்ப் பார்ப்பதில் வியப்பில்லை.

அப்படித்தான் அண்மையில் அயல் கிராமம் ஒன்றில் நடந்த ஊசி வைத்திய முகாமுக்கும் கூட்டம் திரண்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு போன சிலர் நிமிர்ந்து வந்தார்கள். அது உண்மை. அதே முகாமில் நீரிழிவுள்ள தாய் ஒருவரிடம் இனிக் குளிசை தேவையில்லை என்று சொல்லப்பட்டது. இரண்டு கிழமைக்குள் அவர் சீனி ஏறி ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடந்தார். அதுவும் உண்மை. ஒரே ஊசி, ஒரே நாள். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எமது மாதர் சங்கத்தினர் கேட்டார்கள். ஆய்வாளர்கள் கண்டவற்றை ஓரளவு விரிவாகச் சொன்னாலன்றி இதற்கு மறுமொழி கூற இயலாது.

மேல்நாட்டார் கவனம் இதன்பால் திரும்பியது 1971இல். சீனாவுக்குச் சென்றிருந்த ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு பெய்ஜிங்கில் குடல்வால் சத்திரசிகிச்சை நடந்தது. ஊசியால் மயக்கித்தான் அவரை வெட்டினார்கள் என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. அது பிழை. சத்திரசிகிச்சை வழமையான மருந்தால் விறைப்பித்தே செய்யப்பட்டது. பின்னர் வயிறு ஊதி வேதனைப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்கால்களின் கீழும் ஊசி ஏற்றினார்கள். கூடவே ஒரு மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே பிடித்தார்கள். அந்தச் சூடுதான் மொக்ஸா. மாசிபத்திரி இனத்துச் செடியின் இலையைக் காயவைத்து இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டுப்போல் உருட்டிக் கனலவிடுவது. ஊசியும் சூடும் சீன மருத்துவத்தில் இரட்டைப் பிள்ளைகள்.

பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற உடற்றொழிலியல் பேராசிரியர் 1960களின் நடுப்பகுதியிலேயே இதைச் சோதிக்கத் தொடங்கியிருந்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள தசையில் ஊசி குத்தி, தொண்டர்கள் எவ்வளவு வலியைத் தாங்குகிறார்கள் என்று அளந்தார். தாங்கும் சக்தி உடனே கூடவில்லை. மெல்ல மெல்ல ஏறி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் உச்சத்தை அடைந்தது. ஊசியை எடுத்த பின்னரும் சட்டென விழாமல் மெல்லவே இறங்கியது. அந்த இடத்தை முன்கூட்டியே மருந்தால் விறைக்க வைத்தால் பயன் எதுவுமில்லை. ஆகவே செய்தி நரம்பு வழியாகவே போகிறது. மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால் இடையில் ஏதோவொரு இரசாயனப் பொருள் சுரக்கிறது என்று அவர் எண்ணினார். ஊசி குத்தப்பட்ட முயலின் மூளையைச் சூழ்ந்துள்ள நீரை எடுத்து, குத்தப்படாத முயலுக்குச் செலுத்தினார். இரண்டாவது முயலுக்கும் வலி குறைந்தது!

அந்தப் பொருள் என்ன? 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், கொஸ்டர்லிட்ஸ் என்ற இருவர் பன்றி மூளையிலிருந்து என்கெபலின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அபினிலிருந்து வரும் மோர்பீனைப் போல வலியை அடக்குவது, ஆனால் உடல் தானே செய்துகொள்வது. 1977இல் அமெரிக்காவில் டேவிட் மேயரின் குழு, பல்லில் மின்னால் வலியூட்டி, கையில் ஊசி குத்தி அந்த வலியைக் குறைத்தது. பின்னர் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். இது மோர்பீனின் வேலையைத் தடுக்கும் மருந்து. ஊசியால் கிடைத்த ஆறுதலும் மறைந்துபோயிற்று. ஊசி எமது உடலின் சொந்த மருந்துக்கடையைத் திறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

மூளையில் மட்டுமல்ல, குத்தும் இடத்திலும் மாற்றம் உண்டு. ஊசியைத் திருகும்போது தோலுக்குக் கீழுள்ள இணைப்பிழையம் நூல் கண்டில் சுற்றுவதுபோல் அதைச் சுற்றிக்கொள்வதை அமெரிக்காவின் வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாஞ்ஜெவின் காட்டினார். 2010இல் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு, எலியின் முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தித் திருகியபோது அங்கே அடினோசின் என்ற பொருள் ஏறத்தாழ 24 மடங்கு கூடியதை அளந்தது. அடினோசினை உணரும் வாங்கி இல்லாமல் பிறந்த எலிகளுக்கு ஊசியால் வலி குறையவில்லை. ‘எல்லாம் மன நம்பிக்கைதான்’ என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. எலிக்கு வைத்தியர்மேல் நம்பிக்கை கிடையாது.

2021இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சியூபு மா குழுவினர் இன்னும் ஒரு படி சென்றார்கள். எலியின் பின்னங்காலில் அதே இடத்தில் மெல்லிய மின்னூட்டம் கொடுத்தால், ஒரு குறிப்பிட்ட நரம்பிழை வழியாகச் செய்தி மூளைக்குப் போய், அங்கிருந்து வேகஸ் நரம்பால் அதிரீனல் சுரப்பிக்கு இறங்கி, உடலின் அழற்சியைத் தணிக்கிறது. அந்த நரம்பிழைகள் வயிற்றுத் தசைமேல் இல்லை. ஆகவே அங்கே குத்தினால் இந்தப் பயன் இல்லை. இதே குழு 2020இல் கண்ட இன்னொரு விடயம் எனக்கு மேலும் முக்கியமாகப் படுகிறது. வயிற்றில் பலமான மின்னூட்டத்தை நோய் வருமுன் கொடுத்த எலிகளில் அழற்சி குறைந்தது. நோய் வந்தபின் கொடுத்தவற்றில் அது கூடியது. ‘பக்க விளைவே இல்லை’ என்ற துண்டுப்பிரசுர வாசகத்தை இனிமேல் நம்பாதிருக்க இதுவொன்றே போதும்.

இனி மனிதரிடம் வருவோம். ஜேர்மனியில் நீண்டகால இடுப்பு நோவுள்ள 1162 பேரை மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று. முதற்பிரிவுக்குச் சீன முறைப்படி உரிய இடங்களில் ஊசி. இரண்டாவதற்கு அந்த இடங்களைத் தவிர்த்து வேறெங்கோ ஆழமில்லாமல் ஊசி. மூன்றாவதற்கு வழமையான மருந்தும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற்பிரிவில் 47.6 வீதமானோர் தேறியிருந்தார்கள். இரண்டாவதில் 44.2. மூன்றாவதில் 27.4 மட்டுமே. குளிசையையும் பயிற்சியையும்விட ஊசி நன்றாக வேலை செய்தது. ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே பயன்! ஒற்றைத் தலைவலி பற்றி 2005இல் அங்கே வெளியான ஆய்விலும் இதே கதைதான். பின்னர் 2012இல் ஏறத்தாழ 18,000 நோயாளரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது உரிய இடத்துக்கும் பிற இடத்துக்கும் வித்தியாசம் இருக்கவே செய்தது. ஆனால் அது சிறியது.

என் கருத்தில், ஊசியின் பயனை ஏற்கலாம், நாடி ஓடும் பாதைகள் என்று வரையப்படும் படத்தை அதே அளவு நம்பத் தேவையில்லை. நோவுக்கும், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய குமட்டல் வாந்திக்கும் ஆய்வுச் சான்று உண்டு. 1997இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழுவும் குமட்டலுக்கும் பல் நோவுக்கும் இது உதவும் என்று ஏற்றுக்கொண்டது. நீரிழிவுக் குளிசையையோ பிரஷர் குளிசையையோ நிறுத்தலாம் என்று சொல்ல எந்த ஆய்வும் இடம் தரவில்லை. இது வேற்றுச் சமயச் சடங்கா என்று எமது பங்கில் சிலர் கேட்கிறார்கள். நரம்புக்கும் என்கெபலினுக்கும் சமயம் கிடையாது.

சூடு விடயத்தில் சான்றுகள் குறைவு. ஜப்பானிய வைத்தியர் ஹரா ஷிமெதாரோ 1920களில் முயல்களுக்கு மொக்ஸாச் சூடு வைத்து இரத்தத்தில் வரும் மாற்றங்களை ஆராய்ந்தார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த அவர், தமக்கும் நாள்தோறும் சூடு வைத்துக்கொண்டார் என்பார்கள். தோலிலுள்ள வெப்ப உணரிகள் 43 பாகை செல்சியஸ் அளவில் தூண்டப்படுகின்றன. அந்த இடத்தில் இரத்த ஓட்டம் கூடுகிறது. எமது பாட்டிமாரின் உப்பு ஒத்தடமும் இதைத்தான் செய்தது.

வியப்பான ஆய்வு ஒன்று உண்டு. வயிற்றில் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் இருக்கும்போது, தாயின் சிறு கால்விரல் நகத்தோரம் மொக்ஸாவால் சூடு காட்டுவது சீன வழக்கம். சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் 33ஆம் வாரத்திலிருந்த 260 தாய்மாரிடம் இதைச் சோதித்து 1998இல் வெளியிட்டார்கள். 35ஆம் வாரத்தில், சூடு பெற்ற 130 பேரில் 98 பேரின் பிள்ளைகள் திரும்பியிருந்தன. பெறாத 130 பேரில் 62. அதே ஆய்வாளர் இத்தாலியில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை. அங்கே பல தாய்மார் இடையில் கைவிட்டதால் 123 பேருடன் நிறுத்த வேண்டியதாயிற்று. பிற்காலத் தொகுப்பாய்வுகள் வழமையான கவனிப்போடு சேர்த்துச் செய்தால் ஓரளவு பயன் இருக்கக்கூடும் என்கின்றன. கிளினிக்கையும் குடும்பநல மருத்துவிச்சியையும் விட்டுவிட்டு யாரும் இதை வீட்டில் முயல வேண்டாம்.

மொக்ஸாவைக் குறி சுடுதலோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. சித்த வைத்தியத்தில் சுட்டிகை உண்டு, ஆயுர்வேதத்தில் அக்கினிகர்மம் உண்டு. ஆனால் செங்கமாரிக்கும் வலிப்புக்கும் குழந்தைகளின் உடலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுவது காயத்தையும் கிருமியையும்தான் தரும். மொக்ஸாவைத் தோலுக்கு மேலே பிடிப்பார்கள், இதமான சூடு போதும். நீரிழிவால் கால் மரத்துப்போனவருக்கு அதுவும் ஆகாது. சுடுவது அவருக்குத் தெரியாது, புண் வந்தபின்தான் தெரியும்.

எமது நாட்டுக்கு இவ்வைத்தியம் புதிதல்ல. களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வாத நோய் நிபுணர் அன்ரன் ஜயசூரிய பல ஆண்டுகள் அக்குபங்சர் கிளினிக் நடத்தினார். வெளிநாட்டு வைத்தியர்களும் அங்கே வந்து கற்றார்கள். 2005இல் அவர் காலமானார். அவருடைய பெரிய உரிமைகோரல்கள் அனைத்தையும் நான் ஏற்பதில்லை. ஆனால் ஏழை நோயாளி கிளினிக் துண்டோடு வரிசையில் நின்று ஊசி பெறலாம் என்று காட்டியது சிறிய காரியமல்ல.

எமது மண்டபத்தில் முகாம் நடத்த அனுமதி கேட்பவர்களிடம் இனி நாம் கேட்கப்போவது இதுதான்: பதிவுச் சான்று எங்கே, ஒவ்வொருவருக்கும் உறை பிரிக்காத புது ஊசியா, பாவித்த ஊசியை எங்கே போடுகிறீர்கள், நெஞ்சிலும் முதுகிலும் எவ்வளவு ஆழம் குத்துகிறீர்கள். சுவாசப்பையில் துளை விழுந்த சம்பவங்கள் உலகில் பதிவாகியுள்ளன. ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்தச் சொல்பவருக்கு மண்டபம் இல்லை.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஜேர்மனியில் பயன் கண்டவர்கள் ஒருநாள் முகாமில் காணவில்லை. கிழமைக்கு இரண்டு தரம், அரை மணி நேரம் வீதம், குறைந்தது 10 தடவை ஊசி பெற்றார்கள். நாவுலயிலிருந்து ஒரு கூலித்தாய் மாத்தளைக்கோ கண்டிக்கோ 10 தரம் போய்வந்தால் பஸ் காசோடு 10 நாள் சம்பளமும் போய்விடும். தேர்ச்சி பெற்ற ஒருவர் கிழமைக்கு இரண்டு பின்னேரம் இங்கே வருவாரானால் அந்தச் செலவு மிச்சம். அப்படி ஒருவரைத் தேடும் பொறுப்பை மாதர் சங்கம் ஏற்றிருக்கிறது.