பட்டறை முற்றமும் கண்மாய்த் தண்ணீரும்

மதுரை மாவட்டத்தின் பேரையூர் வட்டத்தில் பெய்யும் மழை கண்மாய்களை நம்பி ஓடுகிறது. மேற்கே சாப்டூர் மலையடிவாரத்திலிருந்து நிலம் கிழக்கே மெல்லச் சரிகிறது. ஓடைகளும் வரத்துக்கால்வாய்களும் அந்தச் சரிவோடு இறங்கிக் கண்மாயில் சேர்கின்றன. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. இப்படி மிஞ்சும் நீரில் ஒரு பகுதி குண்டாற்றைச் சேர்ந்து திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடா வரைக்கும் செல்கிறது. வீட்டுக் கழிவுநீருக்காவது நகரங்களில் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. மழைநீருக்கு இந்த வழி நெடுக அப்படி எதுவும் இல்லை. பட்டறை முற்றத்தில் சிந்திய எண்ணெய், ஆடுமாடு குடிக்கிற, நெல்லுக்குப் பாய்கிற தண்ணீரில்தான் போய்ச் சேரும்.

டி. கல்லுப்பட்டி வழியாகச் செல்லும் திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையிலும் அதிலிருந்து பிரியும் சாலைகளிலும் இத்தகைய முற்றங்கள் பல வகை: லாரி, டிராக்டர் பட்டறைகள், வாட்டர் சர்வீஸ் நிலையங்கள், பொக்லைனும் அறுவடை இயந்திரமும் நிறுத்துமிடங்கள், சாலை ஒப்பந்ததாரர்கள் தார் பேரலும் ஜல்லியும் எம்-சாண்டும் குவித்திருக்கும் வெளிகள், உள்ளாட்சி அலுவலகங்களின் வாகனக் கொட்டகைகள், அரசுப் பேருந்துப் பணிமனைகள். ஆலைக் கழிவு ஒரு குழாய் வழியாக வெளியேறும். அந்தக் குழாயைக் கண்காணித்தால் போதும். பட்டறை முற்றத்துக்குக் குழாய் கிடையாது. மழை பெய்தால் முற்றம் முழுவதுமே கழிவு வழியாகிவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிது என்பதால் யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

அங்கே சேர்வது எண்ணெய் மட்டுமன்று. பிரேக் தேய்மானத்தில் செம்பும், டயர்த் தூளில் துத்தநாகமும், பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்டது. தேங்கிக் கிடந்தால் நாயும் கன்றும் நக்கிக் குடித்துச் சாகக்கூடும். ஒரு வண்டியில் ஒருமுறை ஆயில் மாற்றும்போது வடிக்கும் கழிவு எண்ணெய், சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. அந்நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பின் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் ஆண்டுதோறும் கூட்டமாகச் செத்ததற்கு, டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு கலந்து நஞ்சாவதே காரணம் என்று 2020 டிசம்பரில்தான் கண்டறிந்தார்கள். டயர்த் தூளைச் சாதாரணத் தூசி என்று ஒதுக்க முடியாது என்பதற்கு அது சான்று.

பேரையூர்ப் பக்கத்தில் இன்னொரு கவலையும் உண்டு. தண்ணீரோடு போகும் எண்ணெயிலும் உலோகத்திலும் பெரும்பகுதி மண் துகளில் ஒட்டிக்கொண்டு கண்மாயின் அடியில் படிகிறது. கோடையில் அந்த வண்டலைத்தான் வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் டிராக்டரில் அள்ளிவந்து வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். எண்ணெய்ப் படலம் மறைந்துவிட்டதால் கண்மாய் தெளிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. ஈயம் மக்குவதில்லை.

மதுரை மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. தை பிறந்ததிலிருந்து பல மாதங்கள் முற்றம் காய்ந்தே கிடக்கிறது. சிந்தியதெல்லாம் தரையில் அடுக்கடுக்காகப் படிகிறது. வலுத்துப் பெய்யும் முதல் மழை அத்தனையையும் ஒரே மூச்சில் அரித்துக்கொண்டு போகிறது. வாரம்தோறும் மழை பெய்யும் ஊரில் இந்தச் சுமை ஆண்டு முழுவதும் பிரிந்து போகும். இங்கே ஒரே நாளில், அதுவும் கண்மாயில் தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் போய் விழுகிறது. ஆகவே பேரையூர் போன்ற ஊரில் இந்த மாசைத் தடுக்கும் வேலையில் முக்கால்வாசி மழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

மழைநீரைச் சரிவரக் கையாளாத வளாகம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 2023 டிசம்பரில் கண்டது. மிக்ஜாம் புயல் மழையின்போது மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. படகும் வலையும் பாழாயின. அலையாத்தி மரங்களில் கருப்பு ஏறியது. மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளினார்கள். ஆலையின் மழைநீர் மேலாண்மை போதாமல் இருந்ததே காரணம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. அளவில் அந்த ஆலைக்கும் ஒரு டிராக்டர் பட்டறைக்கும் ஒப்பே இல்லை. ஆனால் எண்ணெய் வெளியேறிய முறை ஒன்றுதான்: கீழே கிடந்தது, மழை வந்தது, தடுக்க எதுவும் இல்லை.

தடுப்பின் அடிப்படை மழையையும் அழுக்கையும் சந்திக்க விடாமல் வைப்பது. இதில் கூரைக்கு இணையானது எதுவும் இல்லை. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கர் முற்றத்தில் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. அவ்வளவையும் அழுக்காக்கிவிட்டுப் பிறகு சுத்தம் செய்ய எந்தப் பட்டறைக்கும் வசதி இராது. ஆயில் மாற்றுவது, கழுவுவது, பிரித்துப் பூட்டுவது எல்லாவற்றையும் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள ஒரு சிமென்ட் தளத்துக்குள் அடக்கிவிட்டால், அதே மழையில் கவலைப்பட வேண்டியது 240 லிட்டர் மட்டுமே. அந்தத் தளத்துக்கு மேல் தகரக் கூரை போட்டுச் சுற்றிலும் கையகல வரப்பு எழுப்பினால் அதுவும் இல்லை. மேட்டிலிருந்து வரும் வெள்ளம் முற்றத்துக்குள் நுழையாமல் வெளியே திருப்பிவிட ஒரு சிறு வாய்க்காலும் வேண்டும்.

சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம்தான் பட்டறைகளில் மிகவும் கெட்டது. கழுவினால் எண்ணெய் போய்விடுவதில்லை, இடம் மாறுகிறது. மரத்தூள், உமி, மணல் இவற்றில் ஒன்றைத் தூவி, ஊறியபின் கூட்டி அள்ள வேண்டும். அள்ளியதும் கழிவு எண்ணெயைச் சேர்ந்ததே. குப்பையில் கொட்டவோ எரிக்கவோ கூடாது. வண்டியின் அடியில் தட்டு வைப்பது, பழுதாகி நிற்கும் வண்டியின் ஆயிலையும் கூலண்டையும் உடனே வடித்துவிடுவது, பேட்டரியைக் கழற்றிக் கூரைக்குள் வைப்பது ஆகியவை செலவே இல்லாத வேலைகள். பழைய டயரையும் கூரைக்குள் அடுக்கினால் அதில் நீர் தேங்கி டெங்கு கொசு பெருகுவதும் நிற்கும்.

பேரலை வெட்டவெளியில் நிமிர்த்தி வைப்பதில் பலரும் அறியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. மேல்மூடியின் விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். பகல் சூட்டில் விரிந்த உள்காற்று இரவில் சுருங்கும்போது, மூடியின் மறைவழியே அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்ல ஆயிலும் கெடும். நிரம்பிய பேரலாக இருந்தால் வழியவும் செய்யும். கூரை இல்லையென்றால் படுக்கவைக்கலாம், அல்லது சாய்த்து வைக்கலாம். பேரல்களைச் சுற்றியுள்ள தொட்டி, இருப்பதில் பெரியதன் கொள்ளளவைவிடப் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாகக் கொள்ள வேண்டும்: 210 லிட்டர் பேரலுக்குச் சுமார் 230 லிட்டர்.

கழுவும் தளத்து நீருக்கு எண்ணெய் பிரிக்கும் தொட்டி தேவை. அது மூன்று அறைகள் கொண்ட சாதாரணக் கொத்து வேலைதான். முதல் அறையில் மண் அடங்கும். இரண்டாவதில் எண்ணெய் மேலே மிதக்கும். கீழ்நோக்கி வளைந்த குழாய் அடிநீரை மட்டும் மூன்றாவதுக்கு விடும். எண்ணெய் நீரைவிட இலேசானது என்ற ஒன்றை நம்பியே இது இயங்குகிறது. சோப்புத்தூளும் டீசலும் கலந்து பீய்ச்சிக் கழுவினால் எண்ணெய் நுண்துளியாகிப் பால்போல் கலந்துவிடும். தொட்டி அதைப் பிடிக்காது. மிதப்பதை அள்ளாமல், மண்ணை வாராமல் விட்டாலும் அப்படியே. பராமரிக்காத தொட்டி இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல். இருக்கிறது என்ற நிம்மதியில் தரையில் சிந்துவதும் கூடிவிடுகிறது.

கட்டுமானப் பொருள் வைக்கும் முற்றங்களில் கேடு வேறு. எம்-சாண்ட் தூளும் செம்மண்ணும் கரைந்து வரத்துக்கால்வாயை மேடாக்கும். தார்ப்பாய் போர்த்தி, அடியைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, ஓடைக்கரையை விட்டுத் தள்ளிக் குவித்தால் பெரும்பகுதி நிற்கும். கலவை இயந்திரத்தைக் கழுவிய நீர் கடும் காரத்தன்மை கொண்டது. தேங்கிய குட்டையில் கலந்தால் மீன் சாகும். குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து அதற்குள் கழுவி, இறுகியபின் கட்டியாக எடுத்துவிடலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 1987இல் தூயநீர்ச் சட்டத்தைத் திருத்தி, வாகனப் பணிமனை போன்ற இடங்களின் மழைநீருக்கும் உரிமம் பெற வேண்டும் என்றார்கள். இந்தியாவில் அப்படித் தனி உரிமம் இல்லை. ஆனால் 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், நீர்வழியில் மாசுப் பொருளை விடுவதைத் தடைசெய்கிறது. தற்போதைக்கு வறண்டு கிடக்கும் நீர்வழியும் அதில் அடக்கம். ஆண்டில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் பேரையூர் ஓடைகளுக்கு இது பெரிய பாதுகாப்பு. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவு எண்ணெய் அபாயகரக் கழிவு. பொதுவாக 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்காமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், கரையானுக்கு மரத்தில் தடவவும், கொசுவுக்குச் சாக்கடையில் ஊற்றவும் அதைக் கொடுத்துவிடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெயும் அடுத்த மழையில் கண்மாய்க்கே போகிறது. பழைய பேட்டரிக்கு 2022இல் வந்த தனி விதிகள் இருக்கின்றன.

இவையெல்லாம் பலிக்கின்றனவா என்பது மழை பெய்யும்போதுதான் தெரியும். குடையோடு போய், முற்றத்து நீர் வெளியேறும் இடத்தில் நிறத்தைப் பார்க்க வேண்டும். வானவில் நிறப் படலம் தெரிந்தால் குச்சியால் கலைத்துப் பார்க்கலாம். இரும்புச் சத்துள்ள நீரில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் படலம் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நிற்கும். எண்ணெய்ப் படலம் விலகி மறுபடி ஒன்றுசேரும். சேர்ந்துகொண்டால் அப்போதே வெளிவாயை மணல் மூட்டையால் அடைத்து, நீர் வந்த தடத்தைப் பின்பற்றி மேலே போய் எந்தப் பேரல், எந்த வண்டி, எந்தத் தளம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.