‘பி’ என்றால் புத்தே

கெப்பாலா பத்தாஸில் பசியாறப் போன கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம், ‘இபு மெர்துவாக்கு’, அதாவது ‘என் மாமியார்’. 1962இல் வந்தது. இறந்துவிட்டதாக நம்பிய மனைவி, தனக்குப் பார்வை தந்த டாக்டருக்கே மனைவியாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் அந்த இசைக்கலைஞன் இரண்டு முட்கரண்டிகளை எடுக்கிறான். ரொட்டி சானாய் ஆறிப்போனது. கதையில் பினாங்கும் வருகிறது. மாமியாரோ, பழைய தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த மாமியார்தான்.

அந்தப் படத்தில் நடித்து, பாடி, இயக்கிய பி. ரம்லியும் பினாங்குப் பிள்ளை. 1929 மார்ச் 22இல் பிறந்தார். அப்பா தெக்கு ஞாக் புத்தே, அச்சேக்காரர். அம்மா கெப்பாலா பத்தாஸ் இருக்கும் இந்தப் பெருநிலக் கரைக்காரர், பட்டர்வொர்த் பக்கம். பெயருக்கு முன்னால் இருக்கும் ‘பி’ அப்பா புத்தேயைக் குறிப்பது. மலாய்க்காரர்கள் ‘பின்’ (மகன்) போட்டு எழுதுவார்கள். இவர் நம்மைப் போல முன்னெழுத்து வைத்துக்கொண்டார். எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

1948இல், இங்கிருந்து கொஞ்ச தூரத்திலிருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் இவர் பாடியதைக் கேட்டு சிங்கப்பூருக்கு அழைத்தவர் இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் அப்போது இயக்குநர் நாற்காலி பெரும்பாலும் இந்தியர்களுடையது. முதல் படம் ‘சிந்தா’வில் ரம்லி வில்லன், பின்னணியும் பாடினார். முகத்தைவிடக் குரலைத்தான் நம்பினார்கள் போலிருக்கிறது. அவரைக் கதாநாயகனாக்கியது 1950இல் வந்த ‘பக்தி’. அதை இயக்கிய எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர்.

1955இல் ‘பெனாரிக் பேச்சா’ மூலம் அதே நாற்காலியில் ரம்லியே உட்கார்ந்தார். 1957இல் டோக்கியோவில் நடந்த திரைப்பட விழாவில், பணி மஜும்தார் இயக்கிய ‘அனக்கு சசாலி’க்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கினார்.

1964இல் கோலாலம்பூருக்கு வந்தபின் படங்கள் எடுபடவில்லை. 1973 மே 29இல் மாரடைப்பு, வயது 44. ‘தான் ஸ்ரீ’ பட்டம் 1990இல் வந்தது, வாங்க ஆளில்லாதபோது.

ஜார்ஜ்டவுனில் அவர் பிறந்த வீடு இருக்கும் சாலைக்கு இப்போது அவர் பெயர். பலகையிலும் அந்த ‘பி’யை விடாமல் எழுதியிருக்கிறார்கள்.