கேட்டில் செருகிய கவர்

போன மாதம் கீழப்பழுவூரில் அத்தை வீட்டுக்குப் போனபோது கிரில் கேட்டில் ஒரு தடித்த கவர் செருகியிருந்தது. வங்கியிலிருந்து வந்த புது ஏடிஎம் கார்டு. பக்கத்து வீட்டுப் பையன் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "மூணு நாளா அங்கதான் கெடக்குது தம்பி, ஏதோ நோட்டீசுனு விட்டுட்டேன்" என்றார் அத்தை. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அத்தை தனியாள்.

இதை எவனாவது எடுத்திருந்தால் உடனே பணம் போயிருக்குமா? போயிருக்காது. பின் நம்பர் போட, வங்கியில் பதிந்த செல்போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையும் தொட்டுக் காட்டிப் பணம் கட்டும் வசதியும் நாமாகத் திறந்துவிடும்வரை மூடியே இருக்கும்.

அப்புறம் என்ன பயம்? கவரில் இருக்கும் விவரம்தான். பெயர், முகவரி, எந்த வங்கி, கார்டின் கடைசி நான்கு எண். இதை வைத்துக்கொண்டு ஒருத்தன் போன் போட்டு, "அம்மா, உங்களுக்கு நேத்து புதுக் கார்டு வந்துச்சே, அதை ஆன் பண்ணணும், ஒரு நம்பர் வரும் சொல்லுங்க" என்றால் அத்தை சொல்லிவிடுவார். இவ்வளவு சரியாகச் சொல்கிறவனை வங்கி ஆள் என்று நம்பாமல் என்ன செய்வார்? திருடனுக்கு அந்தக் கடிதம் சாவி இல்லை, அறிமுகச் சீட்டு.

ஆதார் நகல் இன்னும் மோசம். 2018-இல் தெலங்கானாவில் ஒருவர் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை நகலெடுத்து சிம் கார்டு ஆக்டிவேட் செய்து பிடிபட்டார். 2022 மே மாதம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள்! அறிவிப்புதான் போனது, ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

அன்றைக்கு நாங்கள் முதலில் பார்த்தது கணக்கில் எந்த செல் நம்பர் இருக்கிறது என்பதை. ஊரில் பல பேருக்கு பிரவுசிங் சென்டர்காரர் நம்பரோ, எப்போதோ மாற்றிய பழைய நம்பரோதான் பதிந்திருக்கும். அத்தைக்கும் பழைய நம்பர்தான், அதைக் கிளையில் போய் மாற்றினோம். ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டினோம் (ரேஷன் கடையில் விரல் வைக்கும் அன்று மட்டும் திறக்க வேண்டும், அது ஒரு தொல்லை). கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் பெயரில் எத்தனை சிம் என்று பார்த்தோம். இரண்டு. ஒன்று அவருடையது, இன்னொன்று மகன் ஊரில் இருந்தபோது வாங்கியது.

பழைய பேப்பர்காரருக்குப் போடும் கட்டில் வங்கிக் கடிதங்கள் அப்படியே கிடந்தன. கிழித்து அடுப்பில் போட்டோம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்று காலண்டர் ஓரத்தில் பெரிதாக எழுதிவைத்தேன். கிளம்பும்போது அத்தை பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "இனிமே எதுனாலும் என் கையிலதான் குடுக்கணும்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.