கறுப்புத் திரை – 9: கோப்பு யார் பெயரில் இருக்கிறது?

சென்ற வாரம் படிக்க, எழுத, இயக்க என்ற மூன்று அனுமதிகளைப் பார்த்தோம். அந்த அனுமதிகள் யாருக்கு என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. 'எல்எஸ் -எல்' என்று தட்டினால் வரும் வரியில், அனுமதி எழுத்துகளைத் தாண்டி 'கயல் கணக்கு' என்பதுபோல் இரண்டு பெயர்கள் நிற்கும். முதலாவது உரிமையாளர், அடுத்தது குழு.

இவற்றை மாற்றும் கட்டளை 'சௌன்'. 1971 நவம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே அது இருக்கிறது. 'சூடோ சௌன் மணி:கணக்கு ஏப்ரல்.டெக்ஸ்ட்' என்றால் கோப்பு மணியின் பெயருக்குப் போகும், குழு 'கணக்கு' ஆகும். முன்னால் நிற்கும் 'சூடோ', எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' என்ற பயனராகக் கட்டளையை இயக்குவதற்கு. முக்காற்புள்ளிக்கு முன்னால் எதுவும் எழுதாமல் விட்டால் குழு மட்டும் மாறும்.

கட்டளை இவ்வளவுதான். ஆனால் அது எதை மாற்றுகிறது என்பது தெரியாவிட்டால் பின்னால் சங்கடம். கோப்போடு 'கயல்' என்ற பெயர் எங்கும் பதிவாவதில்லை. கோப்பின் விவரங்களைத் தாங்கும் 'ஐநோடு' என்ற பதிவில் உரிமையாளருக்கும் குழுவுக்கும் இருப்பவை இரண்டு எண்கள் மட்டுமே. அந்த எண்ணைப் பயனர் பட்டியலில் தேடி, எதிரே உள்ள பெயரைத் திரையில் காட்டுகிறது கணினி. 'எல்எஸ் -என்' என்று கேளுங்கள், பெயர்கள் மறைந்து எண்கள் வரும். ரூட்டுக்கு 0. உபுண்டுவில் நாம் உருவாக்கும் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001.

லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்த வட்டை வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், உங்கள் கோப்புகள் வேறொருவர் பெயரில் தெரிவது இதனால்தான். இங்கே 1000 நீங்கள், அங்கே 1000 அவர்.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. கடைசியாகச் சேர்ந்த ஊழியர் வேலையை விட்டுப் போகிறார், அவருடைய கணக்கை நீக்குகிறார்கள். கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. உரிமையாளர் இடத்தில் இப்போது வெறும் 1003. அடுத்த வாரம் புதிதாக ஒருவரைச் சேர்த்தால், வழக்கமான அமைப்பில் அதே 1003 அவருக்கு வரும். முன்னவரின் சம்பளப் பட்டியலோ, கடிதங்களோ, எல்லாமே அந்த நொடியில் அவருடையவை. யாரும் எதையும் உடைக்கவில்லை, எந்த எச்சரிக்கையும் வராது.

நம் கோப்பைப் பிறருக்கு நாமே எழுதிக்கொடுக்க லினக்ஸ் ஏன் விடுவதில்லை, அதற்கும் ரூட் ஏன் வர வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். சிஸ்டம் ஃபைவ் வகை யூனிக்ஸ்களில் ஒருகாலத்தில் அது முடிந்தது. பெர்க்லி யூனிக்ஸில் தடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் வட்டில் இவ்வளவு இடம் என்று ஒதுக்கீடு இருக்கும்போது, ஒருவர் தன் பெரிய கோப்புகளை நண்பர் பெயருக்கு மாற்றி, பிறர் நுழைய முடியாத தன் ஃபோல்டரிலேயே வைத்துக்கொண்டால் இடம் நண்பர் கணக்கில்தான் கழியும். தடுத்தது சரியான முடிவு என்பதே என் கருத்து. குழுவை மட்டும், நாம் உறுப்பினராக உள்ள குழுக்களுக்குள் நாமே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு சூடோ தேவையில்லை.

சௌனோடு '-ஆர்' சேர்த்தால் ஃபோல்டருக்குள் இருக்கும் அத்தனையும் மாறும். அனுமதி இல்லை என்று திரை சொன்னவுடன் இதை அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். '/யூஎஸ்ஆர்' முழுவதையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் சூடோவே இயங்க மறுக்கும். அதன் உரிமையாளர் 0 ஆக இருந்தே தீர வேண்டும். மாற்றியதைத் திருப்பவும் சூடோ வேண்டுமே! '/' மீதே ஏவினாலும், நீக்கும் கட்டளையான 'ஆர்எம்' தயங்குவதுபோல் சௌன் தயங்காது.

உங்கள் அலுவலக சர்வர் உங்கள் பொறுப்பில் இருந்தால், இந்த வாரமே 'சூடோ ஃபைண்ட் / -நோயூசர்' என்று ஒருமுறை ஓடவிடுங்கள். ஆளில்லாத எண்ணின் பெயரில் கிடக்கும் கோப்புகள் வரிசையாக வரும். அடுத்த ஊழியரைச் சேர்ப்பதற்கு முன் அவற்றைப் பொறுப்பானவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

(தொடரும்)